நாலாந் தரம் கேட்ட பூ

வெள்ளிக்கெழமை பூசைக்கு வந்திருக்கற அம்மிணிகளா, என்ற பேரு பாவாயி. திருச்செங்கோட்டுக்குக் கெழக்க ரெண்டு மைல்ல எங்க ஊரு. மேட்டூர்ல அணை கட்டிட்டு இருந்த வருசம். என்ற ஒரே புள்ள நல்லம்மா பதினாறு வயசுல சோறு திங்கறதை உட்டுட்டா. பேச்சும் நின்னு போச்சு.

உச்சி வெயில்ல எந்திரிச்சுக் கெணத்து மேட்டுக்குப் போவா. வெளிம்புல உக்காந்து தண்ணியவே பாத்துட்டு இருப்பா. கூப்புட்டாத் திரும்ப மாட்டா. தோளைத் தொட்டா, அந்த வெயில்லயும் ஒடம்பு சில்லுன்னு இருக்கும். தண்ணி எறைக்காத நாள்லயும் சேலைத் தலைப்பு நனைஞ்சிருக்கும். முனி புடிச்சிருக்குதுன்னாங்க. மந்திரிச்சுக் கவுறு கட்டினோம். அறுத்துப் போட்டுட்டா.

நான் ஒரு முடிவு பண்ணி வெச்சிருந்தேன். என்ற அண்ணன் மவனுக்குக் கட்டிக் குடுத்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்னு. அவ தொட்டில்ல கெடக்கையிலயே பேசுன பேச்சு அது. "என்ற புள்ளயக் காப்பாத்து"ன்னு நான் மாரியாத்தாகிட்டக் கேக்கலை. "இந்தக் கலியாணத்தை நடத்திக் குடு"ன்னுதான் அழுதேன்.

பூக் கேக்காம நாங்க நல்ல காரியம் செய்ய மாட்டோம், உங்களுக்குத் தெரியும். வெள்ளரளி ஒரு பொட்டணம், செவ்வரளி ஒரு பொட்டணம், எலையில மடிச்சுச் சாமி முன்னால போட்டு, பூசாரி கண்ணை மூடிட்டு ஒண்ணை எடுப்பாரு. வெள்ளை வந்தா உத்தரவு. செவப்பு வந்தா வேண்டாம். மூணு வெள்ளிக்கெழமை கேட்டேன். மூணு தரமும் செவப்பு. "உட்டுரு பாவாயி"ன்னாரு.

நான் உடுவனா? எனக்கு வீம்பு சாஸ்திங்க. வழக்கமாப் பூசாரிதான் மடிப்பாரு. நாலாவது வெள்ளிக்கெழமை ஊட்டுலயே நான் மடிச்சுக் கொண்டு போனேன். ரெண்டுலயும் வெள்ளையே வெச்சேன். சாமியவே ஏமாத்தப் போனேன், என்ற கொழுப்பைப் பாருங்க.

மத்தியான நேரம். கோயில்ல பூசாரி, நான், தூணோரம் நல்லம்மா, அவ்வளவுதான். காத்தே இல்லை. ஆனா வெளக்கு ஆடுச்சு. பூசாரி ஒண்ணை எடுத்துப் பிரிச்சாரு.

செவப்பு.

பாய்ஞ்சு மத்ததைப் பிரிச்சேன். வெள்ளை. "ஆத்தா, இனி உன்ற இஷ்டம், என்ற புள்ள உசுரோட இருந்தாப் போதும்"னு மண்ணுல உழுந்து கதறினேன். அன்னைக்கே அண்ணனுக்கு வேண்டாம்னு சொல்லி உட்டேன். அவன் ஒறவையே முறிச்சுட்டான். அன்னைக்குச் சாயங்காலம் நல்லம்மா போட்ட சோத்தைத் தின்னுட்டு இன்னுங் கொஞ்சம் கேட்டா.

ரெண்டு வருசங் கழிச்சு, பரமத்தி வேலூர்ப் பக்கம் வெத்தலைக் கொடிக்கால் வெச்சிருந்த ஒரு சாதுவான பையனுக்குக் குடுத்தோம். தலைப் பிரசவத்துக்கு வந்தப்பத்தான் அந்த விசயத்துக்கு அவ வாயத் தொறந்தா.

"அம்மா, மாமன் மவன் வண்டி மாட்டைக் குத்திக் கண்ணைக் கெடுத்துட்டு நின்னு சிரிச்சான். நீயும் பாத்துட்டு, ஆம்பளைன்னா அப்பிடித்தான்னு சொன்னே. அப்பறம் உன்கிட்ட நான் என்னத்தைச் சொல்றது? கெணத்து மேட்டுல உக்காந்து தலைப்பு நனைய அழுததுதான். அவனுக்குன்னு முடிவானாக் கெணத்துல உழுந்தர்றதுன்னு இருந்தேன்."

அவளே மேலயும் சொன்னா.

"நீ ரெண்டும் வெள்ளையா மடிச்சதைப் பாத்தேன். நீ தண்ணி வாத்துக்கப் போனப்ப ஒண்ணுல செவப்பை மாத்தி வெச்சேன்."

அடப்பாவி, அப்பச் செவப்பைக் குடுத்தது மாரியாத்தா இல்லியான்னு கோவங்கூட வந்துச்சுங்க. "ஏண்டி, ரெண்டையும் மாத்தறதுக்கு என்ன?"

"ஒரு செவப்புப் பூத்தானம்மா கெடைச்சுது. பூசாரி கைக்கு எது வரும்னு எனக்கும் தெரியாது."

"மொத மூணு தரம்?"

"அதை நான் தொடவே இல்லையே."

இப்பச் சொல்றப்பவும் மேலெல்லாம் புல்லரிக்குதுங்க. அன்னையிலிருந்து புள்ளைக்கும் பேரனுக்கும் நான் இது வேணும், அது வேணும்னு கேக்கறதில்லை. "உனக்குத் தெரிஞ்சதைச் செய்யி ஆத்தா"ன்னு கையெடுக்கறதோட சரி. நீங்களும் அப்பிடியே உட்டுப் பாருங்க. அன்னைக்கு என்ற புள்ள உசுரு ஒரு எலை மடிப்புக்குள்ள கெடந்துச்சு. நான் பக்கத்துல நின்னு, எப்பிடியும் வெள்ளைதான்னு மனசுக்குள்ள சிரிச்சுட்டு இருந்தேன்.