தூசி புகாத அறையில் முனிரத்னம்மா

வேலைக்குப் போன முதல் நாள் முனிரத்னம்மா தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு போனாள். ஹொசகோட்டைக்கு வெளியே, தைலமரத் தோப்பைத் தாண்டி இருந்த விண்வெளி ஆய்வுக்கூடத்தில் துடைக்கிற வேலை. துடைக்க வேண்டிய அறைதான் சாதாரண அறை இல்லை. சூரியனைப் பார்ப்பதற்காக விண்ணுக்கு அனுப்பவிருந்த தொலைநோக்கியை அங்கேதான் பாகம் பாகமாகப் பொருத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த அறைக்குப் பொறுப்பான வாரிஜா அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

“அக்கா, பூ கூடாது. வளையல் கூடாது. பவுடர், மை, குங்குமம் எதுவுமே ஆகாது. தாலி மட்டும் அங்கிக்குள்ள கிடக்கட்டும்.”

“குங்குமம்கூடவா மேடம்? உள்ள போறப்போ துடைச்சுக்கறேனே.”

“துடைச்சாலும் துகள் தோல்லயே நிக்கும்க்கா. வீட்லயே வைக்காம வந்துடுங்க. ஒரு துணுக்கு கண்ணாடியில விழுந்தாப் போதும். வெளிச்சம் அதுல பட்டுச் சிதறி, நாம பார்க்க வேண்டியதையே மூடிடும்.”

மறுநாளிலிருந்து முனிரத்னம்மா வெறும் நெற்றியோடு வீட்டைவிட்டுக் கிளம்பினாள். மாமியார் அக்கையம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. தெருவே கேட்கும்படி கத்தினாள்.

“என் புள்ள உசிரோடதானே இருக்கான்? தாலி அறுத்தவ மாதிரி இது என்ன கோலம்?”

கணவன் பிள்ளப்பா ஊர் ஊராகப் போய்ப் பால் எடுத்துவரும் வேன் ஓட்டுகிறவன். கேழ்வரகுக் களியைச் சாற்றில் புரட்டி விழுங்கியபடியே பதில் சொன்னான்.

“சந்தேகப்படறவங்களை இங்க வரச் சொல்லும்மா. மூணாவது உருண்டை முழுங்கிட்டிருக்கேன், பார்த்துட்டுப் போகட்டும்.”

சாயங்காலம் வந்ததும் முகம் கழுவி, இரட்டைப் பங்காகக் குங்குமம் வைத்துக்கொள்வாள். அப்போது பிள்ளப்பா அன்றைய கதையைக் கேட்பான். அவள் கேட்டதையும் புரிந்ததையும் சேர்த்துச் சொல்வாள். சூரியனைச் சுற்றி ஒரு மெல்லிய வெளிச்சம் உண்டாம். நடுச் சூரியனின் கண்கூச்சத்தில் அது யார் கண்ணுக்கும் தெரியாதாம். முழுக் கிரகணத்தின்போது மட்டும் கொஞ்ச நேரம் தெரியுமாம். இந்தக் கருவியோ நடு வெளிச்சத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டு, ஓரத்து வெளிச்சத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளுமாம்.

“அந்த ஓரத்து வெளிச்சத்துக்குப் பேரு கொரோனாவாம்.”

பிள்ளப்பா விழுந்து விழுந்து சிரித்தான். “அப்படிச் சொல்லு! அதுக்குத்தான் எல்லாரும் மாஸ்க் மாட்டிக்கிட்டு வேலை பார்க்கறீங்களா?”

அக்கையம்மா சிரிக்கவில்லை. கிரகணத்தன்று அடுப்புகூடப் பற்றவைக்காதவள் அவள். “தினம் தினம் கிரகணம் புடிக்க வைக்கிற மிஷினா? விளங்கிடும்” என்று எழுந்து போனாள்.

அறைக்குள் போவதே ஒரு சடங்குபோல இருக்கும். கால்தூசியை ஒட்டும் பாயில் விட்டுவிட்டு, கண் மட்டும் தெரியும் வெள்ளை அங்கிக்குள் புகுந்து, நாலா பக்கமும் காற்று அறைகிற கூண்டில் கைதூக்கி நின்று சுற்ற வேண்டும். பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் சுவரையும் மேசையையும் ஒரே திசையில் துடைத்துக்கொண்டே போக வேண்டும். கருவிக்கு அருகே அவளுக்கு வேலை இல்லை. கண்ணாடியைத் தொடுகிறவர்கள் வேறு. தூரத்தில் இருந்து பார்ப்பாள். ஏரித் தண்ணீர்போல அசையாமல் இருக்கும் அது.

அடுத்த ஆண்டு, அவரைக்காய் வரத்து தொடங்கிய நாட்களில், ஒரு காலை பால் கேனைத் தூக்கி வேனில் வைத்த பிள்ளப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

செய்தி வந்தபோது முனிரத்னம்மா அறைக்குள் இருந்தாள். அங்கியைக் கழற்றி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவளைப் பார்த்ததும் அக்கையம்மா மார்பில் அடித்துக்கொண்டாள்.

“தினமும் அழிச்சுக்கிட்டுப் போனியே! கடவுள் பார்த்துட்டு இருந்தான்டி. உனக்கு வேணாம்னு நெனச்சு எடுத்துக்கிட்டான்!”

கூடியிருந்த பெண்கள் ஒருவரும் அதை மறுத்துப் பேசவில்லை.

பதினோராம் நாள் அவளை உட்காரவைத்து, கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டு, நெற்றி நிறையக் குங்குமம் இட்டார்கள். உடைப்பதற்காக ஒரு கிழவி அவள் கையைப் பற்றினாள். முனிரத்னம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

“உடைக்க வேணாம் பெரியம்மா. நானே கழட்டிக்கறேன். எனக்குப் பழக்கம்தான்.”

ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் வைத்தாள். ஈரத்துணி வாங்கி நெற்றியை ஒரே திசையில் துடைத்தாள்.

கொஞ்ச நாளில் வேலைக்குத் திரும்பினாள். பேருந்து நிறுத்தத்தில் எதிரே வந்தவர்கள் சற்று நின்று, அவள் கடந்துபோன பிறகு நடந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் அப்படி இல்லை. உடை மாற்றும் இடத்தில் புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி முணுமுணுத்தபடி வளையலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அங்கி மாட்டியபின் எல்லோரும் ஒன்றுபோல இருந்தார்கள். உள்ளே யார் சுமங்கலி, யார் இல்லை என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது.

அந்த நினைப்பு வந்ததுதான் தாமதம், கண் நிறைந்துவிட்டது. முகமூடி நனைந்தது. துடைக்கக் கை போனபோது வாரிஜா பார்த்துவிட்டாள். அழுகைக்கு அந்த அறையில் இடமில்லை. வாரிஜா அவள் தோளைத் தொட்டு வெளியே அழைத்து வந்தாள். தானும் அங்கியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மறுபடி உள்ளே போக எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

முனிரத்னம்மா பல நாளாக யாரிடமும் கேட்காததைக் கேட்டாள்.

“மேடம், நான் தினம் அழிச்சதாலதான் அவரு போயிட்டாரா?”

“என் நெத்தியும் இத்தனை வருஷமா இங்க காலிதான்க்கா. என் வீட்டுக்காரரு இப்ப கேன்டீன்ல உக்காந்து, சட்னி சரியில்லைன்னு சண்டை போட்டுட்டு இருப்பாரு” என்றாள் வாரிஜா.

முனிரத்னம்மாவுக்கு அழுகையினூடே சிரிப்பு வந்தது. பிள்ளப்பாவும் அப்படித்தான், சட்னிக்காகச் சண்டை போடுகிறவன். சிரித்ததில் அழுகை இன்னும் பெரிதாக வெடித்தது. வாரிஜா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழுது தீர்ந்தபின் இருவரும் புது அங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள்.

கருவி பெட்டிக்குள் போய், பெட்டி லாரியேறி, ஒருநாள் மெள்ள ஊர்ந்து வாசலைத் தாண்டியது. அதன்பின் அது மாதக்கணக்கில் எங்கெங்கோ சோதனைக்குப் போவதாகப் பேச்சு. ராக்கெட் கிளம்பிய பகலில் முனிரத்னம்மா வீட்டில் இருந்தாள். கோலாரில் கட்டிக்கொடுத்த மகள் போன் செய்து, டிவி போடச் சொன்னாள். அக்கையம்மா தூணில் சாய்ந்து, பார்க்காததுபோலப் பார்த்தாள். புகை கிளம்பி, நெருப்பு மேகத்துக்குள் மறைந்தபின் கேட்டாள்:

“அதுல உன் கை பட்டது எது?”

“எதுவுமில்லை அத்தே. என் கை பட்டிருந்தாக் கெட்டுப்போயிருக்கும். யாரோட தூசியும் அதும்மேல படாமப் பார்த்துக்கிட்டேன், அவ்வளவுதான்.”

அக்கையம்மா தூணைவிட்டு எழுந்து உள்ளே போனாள். பிள்ளையைப் பறிகொடுத்த அன்று சொன்ன வார்த்தையை அவள் கடைசிவரை திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. முனிரத்னம்மாவும் அதைக் கேட்டு நிற்கவில்லை.

ஆனால் அடுத்த கருவிக்கான வேலை தொடங்கியபோது, கிழவி மருமகளுக்கு முன்பே எழுந்து களி கிண்டி டப்பாவில் வைத்தாள். முனிரத்னம்மா தெருவில் இறங்கியதும், பக்கத்து வீட்டுக்காரி தன் வாசலில் நின்று, “காலங்காத்தால எதிர்ல வர்றாளே” என்று முனகியது அக்கையம்மா காதில் விழுந்தது. கையில் மாவோடு வெளியே வந்தாள்.

“சகுனம் பார்க்கறவ வீட்டுக்குள்ள இருந்துக்கோ. அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு.”