பொன்னழகு கட்டிய வரவேற்பு ஃபிளெக்ஸ்

பதினேழு வயதில் பொன்னழகு ஒரே ஒரு படத்தில் நடித்தாள். அவள் சொந்த ஊரான அகரத்துத் தென்னந்தோப்பில் சல்லிசாக எடுத்த படம். பள்ளிப் பிள்ளைகளின் வாலிபால் கதை என்று சொல்லித்தான் இயக்குநர் ஞானராஜ் அவள் அப்பா கருப்பணனைச் சம்மதிக்க வைத்தார். சிகரெட்டை எப்படிப் பிடிப்பது என்று தானே பிடித்துக் காட்டி அவள் உதட்டில் வைத்தார். "இது கனவு சீன்மா" என்றார். ஸ்டில் எடுக்க வந்த செபஸ்தியான் அதையும் எடுத்து, போகும்போது அவளுக்கு ஒரு பிரதி கொடுத்தார்.

படம் வந்தது. பந்தையே காணோம். சீருடையில் குடிக்கிற, திருடுகிற, வாத்தியாரை அடிக்கிற பெண்கள்தான் இருந்தார்கள். போஸ்டரில் புகைவிட்டுக்கொண்டு பொன்னழகு. நடிப்பு என்று சொன்னால் எந்த ஊர் கேட்கும்? பிளஸ் டூ பாதியில் நின்றது. கருப்பணன் ஊர் பார்க்கச் சுவர் சுவராகப் போய்ப் போஸ்டரைச் சுரண்டினார். அதன்பின் டீக்கடைப் பக்கமே போகாமல் செத்தும் போனார்.

இன்று திண்டுக்கல்லில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறாள். காதுகுத்து முதல் கண்ணீர் அஞ்சலி வரை ஊரார் முகங்களைப் பெரிதாக்குவதுதான் பிழைப்பு. அவள் மறந்திருப்பாள் என்று நினைப்பவர்களுக்கு அவளைத் தெரியாது. அந்த ஸ்டில் அவள் பீரோவிலேயே இருந்தது.

போன மாதம் ஒரு தனியார் பள்ளியின் மேலாளர் கண்ணன் வாட்ஸ்அப்பில் ஆர்டர் அனுப்பினார். ஆண்டு விழாவுக்கு ஞானராஜ் வருகிறாராம், பிள்ளைகளுக்கு ஒழுக்கம் பற்றிப் பேச.

"போட்டோ அனுப்பலையே சார்?"

"நீங்களே நல்லதாப் பாத்துப் போட்டுக்கங்கக்கா. புரூஃப் பாக்க நேரமில்ல, நேரா வந்து கட்டிருங்க."

இந்த ஊரில் எல்லாரும் இப்படித்தான் ஆர்டர் கொடுப்பார்கள். பொன்னழகுக்கு அன்று சோறு ருசித்தது.

பள்ளி வாசலில் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்காக ஃபிளெக்ஸ் நின்றது. 'பிள்ளைகளை நல்வழிப்படுத்த வரும் இயக்குநரே, வருக' என்று கேட்ட வாசகம் அப்படியே இருந்தது. அதன் கீழே இளவயது ஞானராஜ், இரட்டைச் சடைச் சிறுமியின் வாயில் சிகரெட் வைத்துக்கொண்டிருந்தார். இவண்: பொன்னழகு, அகரம்.

காரை விட்டிறங்கியவர் நிமிர்ந்து பார்த்தார். பெற்றவர்கள் கையில் செல்போன்கள் ஏற்கெனவே உயர்ந்திருந்தன.

"யாரு வச்சது இத?"

"நான்தேன் சார்," என்றாள் பொன்னழகு. "எங்கப்பா ஊரு பூராம் சொரண்டுனாரு. நீங்க கயித்த அவுத்தாப் போதும்."