பதினோராம் எண் செருப்பு

விசில் அக்காவை நான் முதலில் பார்த்தது, அவர் என்னை எல்லோர் முன்னாலும் இருக்கையிலிருந்து எழுப்பிவிட்ட அன்றுதான்.

சுற்றுலா அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்து நான்கு நாள் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். "உக்காந்து டிக்கெட் எழுதுறதுக்கு முன்னாடி நீயே ஒரு ட்ரிப் போய்ட்டு வா. என்ன விக்கிறோம்னு தெரியணும்ல" என்று முதலாளி அனுப்பினார். தேய்த்த சட்டையோடு காலை ஆறரைக்கு வேனில் ஏறி, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். அலுவலக ஆளுக்கு அதுதானே இடம்?

கழுத்தில் சிவப்புக் கயிற்றில் விசிலும் பிளாஸ்டிக் உறை போட்ட கைடு கார்டும் தொங்க, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, அது வாந்தி எடுக்கிறவங்க சீட்டு. உங்களுக்கு வருமா?"

"வராது."

"அப்போ பின்னாடி போங்க. வர்றவங்க பாவம்."

வேன் முழுக்கச் சிரித்தது. ஓட்டுநர் ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்து சிரித்தார். 'சார்' என்று கூப்பிட வேண்டிய என்னைத் 'தம்பி' என்றுவிட்டாரே என்ற கடுப்பு எனக்கு ஏரி வரும்வரை தீரவில்லை.

எங்கள் நிறுவனத்தின் அரைநாள் பயணம் இதுதான்: எட்டு மணிக்கு மலை ஏரி, பத்து மணிக்கு வெந்நீர் ஊற்று, பதினொன்றரைக்குக் கிளம்பி மதியத்துக்குள் ஊர். ஏரிக்கரையில் அக்கா பேச ஆரம்பித்தால் கூட்டம் நகராது. "இதோட ஆழம் எவ்வளவுன்னு கேப்பீங்க. ஒருத்தர் அளக்க வந்தாரு. கயிறு பத்தலன்னு வாங்கப் போனாரு. போய் இருபது வருஷமாச்சு. கடைக்காரர் இன்னும் பில் போட்டுட்டே இருக்காரு போல." இதை அவர் ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பார். ஆனாலும் அன்றுதான் தோன்றியதைப் போல ஏரியைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்வார்.

வெந்நீர் ஊற்றில் ஆளே மாறிவிடுவார். அங்கே மூன்று தொட்டிகள். முதலாவது கால் நனைக்க, இரண்டாவது இடுப்புவரை இறங்க. மூன்றாவது பாறைக்குப் பின்னால் இருக்கும். அதில் சூடு அதிகம், இறங்கக் கூடாது, பார்க்கலாம். பத்து நிமிடம் ஆனதும் விசில் ஊதுவார். "இன்னும் ரெண்டு நிமிஷம்மா" என்று கெஞ்சினால், "மயக்கம் வந்தா நான் தூக்கணும். உங்க வெயிட்டப் பாத்தீங்களா?" என்பார். வேனில் ஏறியதும் விரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணுவார். ஒன்றிலிருந்து பதினாறு. ஏரியில் ஒருமுறை, ஊற்றில் ஒருமுறை, இறங்குமுன் ஒருமுறை. ஓட்டுநர் அவருடைய கணவரின் தம்பி. எண்ணி முடித்ததும் அவர் கேட்பார்:

"அண்ணி, ரைட்டா?"

"ரைட்."

அந்தச் சொல் விழாமல் வண்டி நகராது.

கைடு ஆவதற்கு முன்னால் அக்கா அதே ஊற்றின் துண்டு அறையில் பதினோரு வருடம் வேலை செய்தவர். ஈரத் துண்டுகளைப் பிழிந்து பிழிந்து அவர் மணிக்கட்டு ஆண்பிள்ளை மணிக்கட்டு மாதிரி தடித்திருக்கும். ஒருநாள் கைடுக்குக் காய்ச்சல். கூட்டம் வந்து நிற்கிறது. துண்டை உதறிப் போட்டுவிட்டு இவர் அழைத்துப் போனாராம். அதன் பிறகு கைடு தேர்வு. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். எழுத்துத் தேர்வில் இரண்டு முறை தோற்றார், மூன்றாம் முறை தேறினார். "பேசச் சொன்னா நாள் பூரா பேசுவேன் தம்பி. பேனாவைக் கொடுத்தா கை நடுங்குது" என்று ஒருநாள் சொன்னார். தேர்வுகளை ஒரே முறையில் தாண்டி வந்த எனக்கு அப்போது உள்ளூர ஒரு பெருமை எழுந்தது. மறைப்பானேன்.

நான் சேர்ந்த ஆறாம் மாதம் ஒரு புகார்க் கடிதம் வந்தது. குடும்பத்தோடு வந்த ஒரு பெரிய மனிதர் எழுதியிருந்தார்: 'எங்களை ஆட்டு மந்தையைப் போல விரல் நீட்டி எண்ணினார்கள்.' முதலாளிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "படிச்சவன் நீ, ஒரு வழி சொல்லு" என்றார்.

எனக்கு வழி உடனே தோன்றியது. ஊற்றுப் பாறை வழுக்கும் என்பதால் எல்லாருக்கும் நாங்களே ரப்பர் செருப்பு கொடுப்போம். அவற்றுக்கு ஒன்று முதல் பதினாறு வரை வெள்ளைப் பெயின்டில் எண் போட்டு, வேனின் பின்கதவில் பதினாறு அறை கொண்ட ஒரு மரத்தட்டைப் பொருத்திவிட்டால் போதும். திரும்பி வருகிறவர் செருப்பைத் தன் எண்ணில் வைப்பார். தட்டு நிறைந்தால் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒரு பார்வை போதும். விரலும் வேண்டாம், கோபமும் வேண்டாம். முதலாளி என் தோளைத் தட்டினார். 'அலுவலக நடைமுறை எண் 7' என்று தலைப்பிட்டு நானே தட்டச்சு செய்து, கீழே என் கையெழுத்தும் போட்டு, சுவரில் ஒட்டினேன்.

அக்கா அதை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"செருப்பு வந்தா ஆள் வந்ததா அர்த்தமா தம்பி?"

"செருப்பில்லாம அந்தக் கல்லுல யாரு நடப்பாங்க அக்கா?"

"அது சரி…" என்று இழுத்தார். "இருந்தாலும் தலைன்னா தலைதான்."

"எண்ணக் கூடாதுன்னு முதலாளியே சொல்லிட்டாரு. நான் என்ன பண்றது?" என்றேன்.

ஒரு வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதற்குள் ஒரு மணிக்கு இரண்டாவது பயணமும் சேர்ந்தது.

அன்று வாரநாள். காலையிலிருந்து தூறல். ஏரியில் படகு தாமதமாகி, ஊற்றுக்கே அரை மணி பிந்திப் போயிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தனியாக வந்திருந்தார். அவர் எண் பதினொன்று. விசில் ஊதியதும் ஒழுங்காக ஏறி வந்து, செருப்பைத் தன் அறையில் வைத்துவிட்டு, சொந்த கேன்வாஸ் ஷூவை மாட்டியிருக்கிறார். அப்போதுதான் மூக்குக் கண்ணாடியை மூன்றாம் தொட்டியருகே விட்டுவிட்டது நினைவு வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் திரும்பி நடந்திருக்கிறார். அக்கா அந்த நேரம் ஒரு வயதான அம்மாளை முன்னிருக்கையில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, நேரமாச்சு. ரைட்டா?"

அக்கா பின்கதவைப் பார்த்தார். பதினாறு அறையும் நிறைந்திருந்தது.

"ரைட்."

ஈரத் துண்டுகளைப் போர்த்தியபடி எல்லோரும் தூங்கிக்கொண்டு வந்தார்கள்; தனியாக வந்தவரின் காலி இடம் யார் கண்ணிலும் படவில்லை. மலைமேல் ஊற்றில் இருந்த துண்டு அறைக்காரியும் அடுத்த கூட்டம் வரும்வரை பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

வேன் நிலையத்துக்கு வந்தபோது பன்னிரண்டே முக்கால். அடுத்த கூட்டத்தோடு நான் காத்திருந்தேன். எல்லோரும் இறங்கிய பிறகு இருக்கைக்கு அடியில் ஒரு துணிப்பை கிடந்தது. அக்கா அதைத் திறந்தார். ஒரு மாத்திரை அட்டை, ஊற்றில் வேகவைத்த இரண்டு முட்டை. அவர் முகம் வெளுத்துப் போனதைக் கண்ணால் பார்த்தேன்.

"பதினொண்ணு," என்றார். "வண்டியத் திருப்பு."

"அக்கா, ஒரு மணி ட்ரிப் நிக்குது…"

"நிக்கட்டும்பா!"

என்ன செய்கிறேன் என்று தெரியாமலே நானும் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். மேலே போன் எடுக்காது. ஐம்பது நிமிடம். அக்கா விசிலை உள்ளங்கைக்குள் இறுக்கியபடி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணும் ஆயிருக்காது அண்ணி. எங்கயாவது ஒதுங்கி உக்காந்திருப்பாரு."

"ரோட்டப் பாத்து ஓட்டு."

பின்கதவில் பதினாறு ஜோடிச் செருப்பும் ஒவ்வொரு வளைவிலும் தட்டில் மோதிச் சத்தமிட்டுக்கொண்டே வந்தன.

வாத்தியார் மூன்றாம் தொட்டியின் ஓரத்தில் கிடந்தார். ஷூ வழுக்கி விழுந்ததில் இடுப்பு முறிந்திருந்தது. வலது கால் முழங்கால் வரை கொதிநீருக்குள் கிடந்திருக்கிறது. அதை இழுத்து வெளியே போடவே அவருக்கு நெடுநேரம் ஆகியிருக்கிறது. கண் விழித்துத்தான் இருந்தார். அக்காவைப் பார்த்ததும் மெல்லச் சொன்னார்:

"கத்திப் பாத்தேம்மா. அப்புறம் உங்க விசில் கேக்கும்னு பாத்துட்டே இருந்தேன்."

அக்கா வேனுக்கு ஓடித் துண்டுகளை அள்ளி வந்தார். அவற்றை நனைத்துப் பிழிந்து அந்தக் காலில் சுற்றினார். மூன்று பேருமாகத் தூக்கி வந்தோம். உயிர் பிழைத்தார். மூன்று மாதம் மருத்துவமனையில் இருந்தார்.

சுற்றுலாத் துறை மூன்று நாளில் அறிக்கை கேட்டது. கைடின் கார்டை ஏன் ரத்து செய்யக் கூடாது என்பதுதான் கேள்வி. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"எழுது. பொய் ஒண்ணும் எழுத வேணாம். கிளம்பும்போது தலையை எண்ணலன்னு எழுது. அது நெசந்தானே?"

"நெசந்தான் சார். ஆனா நடைமுறை எண் ஏழு…"

"அது நம்ம வீட்டுக்குள்ள விஷயம். எண்ணக் கூடாதுன்னு அடிச்சு வெச்சது யாரு? கையெழுத்து யாரோடது? யோசிச்சுக்கோ. உங்கப்பாக்கு உன்னால எவ்வளவு பெருமை."

நான் வெளியே வந்தபோது சுவரில் தாள் இல்லை. நான்கு மூலையிலும் ஒட்டுநாடா மட்டும் மிஞ்சியிருந்தது. ஒரு பக்கத்தில் அறிக்கை எழுதினேன். ஒரு பிழைகூட இல்லை. எல்லாமே உண்மை.

கையெழுத்து வாங்க அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டே அறை. முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் கார்டும் விசிலும் தொங்கின. ஓட்டுநர் வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்; எனக்கு வழிவிட ஒதுங்கினாரே தவிர முகம் பார்க்கவில்லை. தலைகளை எண்ணும் அதே விரலை வரிக்கு வரி வைத்து அக்கா படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா."

"கார்டு போயிடுமா?"

"தெரியலக்கா."

"மூணு தடவை எழுதினேன் அந்தப் பரீட்சைய," என்றார் ஓட்டுநரைப் பார்த்து. பிறகு என்னைப் பார்த்தார். "எழுத்து ரொம்ப நல்லா இருக்கு சார். எங்க கையெழுத்துப் போடணும்?"

முதல் நாளிலிருந்து நான் எதிர்பார்த்த சொல் அது. விரலால் இடத்தைக் காட்டினேன்.

விசாரணையில் அதிகாரி ஒரே கேள்விதான் கேட்டார்: "தலையை எண்ணிப் பார்க்காம ஏம்மா வண்டிய எடுத்தீங்க?"

நான் முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"எண்ணியிருக்கணும் சார். எண்ணல."

"வேற ஏதாவது சொல்றீங்களா?"

"அந்த வாத்தியார் சத்தம் போட்டிருக்காரு. எனக்குக் கேக்கல. வேற என்னத்த சொல்றது?"

ஒரு வாரத்தில் உத்தரவு வரும் என்றார்கள். இரண்டு நாள் என் மேசை இழுப்பறையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். மூன்றாம் நாள் காலை, அதில் கிடந்த நடைமுறை எண் ஏழின் நகலை எடுத்துக்கொண்டு தனியாக அந்த அதிகாரியிடம் போனேன். அவர் படித்துவிட்டுக் கேட்டார்:

"விசாரணை அன்னிக்கு நீயும் இங்கதானே நின்னே?"

"ஆமா சார்."

"வாயில என்ன வெச்சிருந்தே?"

மேசையிலிருந்த வெள்ளைத் தாளை இழுத்தேன். புதிதாக ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். இந்தமுறை எனக்கும் கை நடுங்கியது. அடித்து அடித்து எழுதினேன்.

கார்டு ரத்தாகவில்லை. ஒரு வருடம் நிறுத்தி வைத்து, அதன் பின் எழுத்துத் தேர்வை மறுபடி எழுதித் தேறினால் திருப்பித் தரலாம் என்று உத்தரவு வந்தது. நிறுவனத்துக்கு எச்சரிக்கை. மரத்தட்டைக் கழற்றச் சொன்னார்கள். அன்று மாலையே முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

செய்தியைச் சொல்ல அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். "கேள்விப்பட்டேன் சார். தாளைக் கொண்டுபோய்க் குடுத்தீங்களாமே" என்றார். உட்காரச் சொல்லி ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் இருந்த அரைமணி நேரமும் மரியாதையாகப் பேசினார்.

வாத்தியார் இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். நான் ஒரு பேருந்து நிறுவனத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். போன மாதம் டிக்கெட் எடுத்து, பயணிகளில் ஒருவனாக மேலே போய் வந்தேன். வேனில் புதுக் கைடு. அவரும் விரல் நீட்டித்தான் எண்ணுகிறார்.

விசில் அக்கா மறுபடியும் வெந்நீர் ஊற்றின் துண்டு அறையில் வேலை செய்கிறார். கூட்டம் உள்ளே போகும்போதும் திரும்பும்போதும், யாரும் கேட்காமலே, சன்னலுக்குள்ளிருந்து உதடு அசைய எண்ணுகிறார். துண்டு கட்டுகிற மேசையில் தேர்வுப் புத்தகம் ஈரத்தில் உப்பிக் கிடந்தது. "பத்து நிமிஷந்தான் சார்" என்று சொல்லி என்னிடம் ஒரு துண்டைக் கொடுத்தார். தேர்வுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.