சூப்பர்வைசர் அடி வாங்கிய படம்

இருங்காட்டுக்கோட்டையில் கார் சீட் செய்யும் ஒரு கம்பெனியில் ட்ரெய்னியாகச் சேர்ந்த வருஷம் நான் நாற்பத்தோரு படம் பார்த்தேன். கலைத் தாகம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை என்னவென்றால், ஸ்ரீபெரும்புதூரில் நாங்கள் நாலு பேர் இருந்த வாடகை அறையில் ஃபேனுக்கு நேர் கீழே படுக்கும் முறை எனக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வந்தது. தியேட்டரில் படம் முடியும்வரை ஃபேன் ஓடியது. என் ரசனை அங்கேதான் வளர்ந்தது.

பார்த்த படத்தையெல்லாம் நோட்டில் எழுதி வைப்பேன். எப்படியோ இது எச்.ஆர். மேடம் காதுக்குப் போய்விட்டது. டிசம்பர் தொடக்கத்தில் என்னைக் கூப்பிட்டு, "இந்த வருஷம் உங்களுக்குப் பிடிச்ச படம், ஏமாத்தின படம் ரெண்டும் எழுதிக் குடுங்க. கேன்டீன் போர்டுல போடலாம். எம்ப்ளாயீஸ் டேலன்ட் வெளிய வரணும்ல?" என்றார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். பிடித்ததில் முதலிடம் ஒரு சின்னப் படத்துக்கு. அண்ணனும் தங்கையும் வீட்டைப் பாதியாகப் பிரித்து நடுவில் சுவர் எழுப்புகிறார்கள், அவ்வளவுதான் கதை. தியேட்டரில் பதினொரு பேர் இருந்தோம். அதில் இரண்டு பேர் தூங்க வந்தவர்கள். சுவர் எழுப்பியபிறகு தங்கை இந்தப் பக்கம் தாளிக்கும்போது அண்ணன் அந்தப் பக்கம் தும்முவான். அந்தத் தும்மலுக்குத்தான் முதலிடம் கொடுத்தேன்.

ஏமாற்றத்தில் முதலிடம், எல்லோரும் கொண்டாடிய ஒரு பெரிய நடிகரின் படத்துக்கு. அதில் அவர் தொழிலாளி. 'கதாநாயகன் ஃபேக்டரிக்குள் செருப்பு போட்டுக்கொண்டு வருகிறார். ஓடுகிற மெஷின்மேல் சாய்ந்துகொண்டு பாடுகிறார். படம் முழுக்க ஒரு நட்டைக்கூட முடுக்கவில்லை. இவரை எங்கள் லைனில் விட்டால் ஒரு மணி நேரத்தில் லைன் நின்றுவிடும்' என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது.

போர்டில் ஒட்டிய அன்று மத்தியானம் எங்கள் லைன் சூப்பர்வைசர் தட்டோடு அதன் முன்னால் நின்றார். பிள்ளைப்பாக்கத்துக்காரர். அந்த நடிகரின் ரசிகர் மன்றத்துக்கு அவர்தான் அந்தப் பக்கத் தலைவர் என்பது கேன்டீனில் என் ஒருவனுக்கு மட்டும் தெரியாது. சாம்பார் ஆறும்வரை படித்தார்.

"இன்னாபா எழுதிக்கீற?"

"மனசுல பட்டத எழுதினேன் சார்."

"எங்காளு லைன நிறுத்திடுவாரா?"

மறுநாள் காலை, சீட்டுக்குத் துணி மாட்டும் வேலையிலிருந்து இரும்பு ஃப்ரேம் தூக்கும் வேலைக்கு என்னை மாற்றியிருந்தார்கள். விமர்சகனுக்குத் தோள்பட்டையில் வலி வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஒரு வாரம் கழித்து அவரே வந்தார். "நீ படத்த சரியா பாக்கல. தண்டலத்தாண்ட டூரிங் கொட்டாய்ல மறுபடியும் போட்டுக்கீறாங்க. ஞாயித்துக்கெயம என்னோட வா. பாத்துட்டு மாத்தி எழுது" என்றார். வேலை நிரந்தரமாகாத ஆள் வேறென்ன சொல்வேன்? போனேன்.

கூட்டமே இல்லை. விசிலும் இல்லை. படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒன்று புரிந்தது: அவர் இந்தப் படத்தை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறார். முதல் நாள் முதல் காட்சியில் திரைக்கு முன்னால் நின்று காகிதம் வீசியவருக்குக் கதை எப்படித் தெரியும்?

படத்தில் ஒரு சூப்பர்வைசர் வருகிறான். நாயகன் லேட்டாக வருகிறார். "ஏன் லேட்டு?" என்று கேட்கிறான். கன்னத்தில் ஓர் அறை. பிறகு கேன்டீனில் ஓர் அறை. ஸ்டோர் ரூமில் தலைகீழாகத் தொங்கவிட்டு இரண்டு. பெஞ்சில் இருந்த நாலைந்து பேரும் கைதட்டினார்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த எங்கள் லைன் ஆள் ஒருவன் எழுந்து நின்றே தட்டினான். பிறகு என் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பார்த்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

இடைவேளையில் டீ வாங்கிக்கொடுத்தார்.

"அவன் மேல இன்னாபா தப்பு?" என்றார், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு. "லேட்டா வந்தவன லேட்டுன்னு சொன்னான். அது ஒரு குத்தமா?"

"இல்ல சார்."

"மேல மேனேஜர் கேட்டா அவன்தானே பதில் சொல்லணும்? அத ஒரு சீன்லயாச்சும் காட்டினானா?"

நானும் அந்தச் சூப்பர்வைசரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முதல் தடவை பார்த்தபோது அந்த ஸ்டோர் ரூம் காட்சிக்கு நானும் கைதட்டியிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

இடைவேளைக்குப் பிறகு உள்ளே போகாமல் வண்டியை எடுத்தார். பாதி வழியில் நிறுத்தி, "மன்றத்துல எனக்குன்னு ஒரு மரியாத கீது. அந்தத் தாள எடுத்துடு. உன் நோட்டுல இருக்கறது அப்டியே இருக்கட்டும்" என்றார்.

திங்கட்கிழமை எச்.ஆர். மேடத்திடம் சொல்லி எடுத்துவிட்டேன். "ஏன், எல்லாரும் விரும்பிப் படிச்சாங்களே?" என்று வருத்தப்பட்டார். அந்த இடத்தில் 'ஹெல்மெட் அணிவீர்' ஒட்டப்பட்டது. அதை யாரும் நின்று படிக்கவில்லை. அந்த வாரமே எனக்குத் துணி மாட்டும் வேலை திரும்பக் கிடைத்தது.

பொங்கலுக்கு அந்த நடிகரின் அடுத்த படம் வந்தது. முந்தின நாள் சூப்பர்வைசர் லைனில் என் பக்கம் வந்து குனிந்து, திருகாணியைச் சரிபார்ப்பதுபோல் கேட்டார்:

"இதுல அவரு இன்னா வேலபா பாக்கறாரு?"

"போலீஸ்னு போட்டிருக்காங்க சார்."

"அப்ப சரி" என்று நிம்மதியாக நிமிர்ந்தார்.