மூன்று தரம் கூப்பிட வேண்டிய பெயர்

வக்கீலம்மாவின் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் 'பட்டியல் அக்கா'. வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாக ஏறி இறங்கி, யார் இருக்கிறார், யார் இல்லை என்று சரிபார்ப்பது பதினோரு வருஷ வேலை. செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அதற்கு ஒரு முறை இருந்தது. வாசலில் நின்று ஒவ்வொரு பெயரையும் மூன்று தரம் உரக்கக் கூப்பிட வேண்டும். ஆள் வராவிட்டால் 'பதில் இல்லை' என்று எழுத வேண்டும். கூட வரும் சாட்சி அதில் கையெழுத்துப் போட வேண்டும். "ஒரு பேர் விட்டுப்போனாலும் கோர்ட்ல மொத்தத்தையும் தூக்கிப் போட்டுடுவாங்க" என்பாள் வக்கீலம்மா.

அன்று மத்தியானம் போனது பூட்டிக் கிடந்த ஒரு வீட்டுக்கு. அந்த ஒரே முகவரியில் அறுபத்து மூன்று வாக்காளர்கள். இப்படி ஆள் கணக்கை ஊதிக் காட்டித்தான் வார்டு எல்லையை நகர்த்தி, கால்வாய்த் தெருவை அடுத்த வார்டுக்குத் தள்ளியிருந்தார்கள். அங்கே மற்ற ஓட்டுகளுக்கு நடுவே அந்தத் தெருவின் ஓட்டு இருக்கிற இடமே தெரியாது. அதை எதிர்த்து வக்கீலம்மா போட்ட வழக்குக்கு நாளை மறுநாள் விசாரணை.

"அறுபத்து மூணு பேரா! நின்னுக்கிட்டேதான் தூங்கணும்மா" என்றார் சாட்சியாக வந்த ஓய்வுபெற்ற சர்வேயர்.

கதவில் தபால் போடும் துவாரத்துக்குக் குனிந்து அவள் முதல் பெயரைக் கூப்பிட்டாள். உள்ளே வெற்று அறைகள். பெயர் போய், சுவரில் பட்டு, திரும்பி வந்தது. அடுத்ததும் வந்தது. ஒவ்வொன்றும் அப்படியே.

முப்பத்தெட்டாவது பெயரில் அவள் நின்றுவிட்டாள்.

"என்னம்மா?"

"எங்க வீட்டுக்காரர் பேரு சார்."

"அவர் போயி ஆறு வருஷம் ஆச்சே?"

தகப்பனார் பெயரும் சரியாக இருந்தது, வயதும் சரியாக இருந்தது. உயிரோடு இருந்திருந்தால் இன்று என்ன வயதோ, அது.

ஊரார் வீட்டுச் சாவுக்கெல்லாம் பெயர் நீக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்தவள், அவருடையதை மட்டும் மேஜை இழுப்பறையிலேயே வைத்திருந்தாள். ஒவ்வொரு பட்டியலிலும் தன் பெயருக்கு மேல் அவர் பெயர் வரும். பார்த்துக்கொள்வாள், அவ்வளவுதான். கேட்பாரில்லாத பெயரைத் தேடியவன் எவனோ அதை இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தான். அவன்மேல் ஆத்திரம் பொங்கியது. தன்மேல் அதைவிட அதிகமாக.

"விட்டுடும்மா. நான் வெளியே சொல்லமாட்டேன்."

"விட்டா கேஸே போயிடும் சார்."

இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இப்போது கூப்பிட்டாள். பெயர் உள்ளே போனது. திரும்பி வரவில்லை.

இரண்டாம் தரம் கூப்பிட்டாள். மூன்றாம் தரமும். முப்பத்தேழு பெயர்களைத் திருப்பிக் கொடுத்த வீடு, இதை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டது. சர்வேயர் படியிலிருந்து இரண்டடி பின்வாங்கினார்.

முறைப்படி அவ்வளவுதான். ஆனால் அவள் துவாரத்தில் வாயை வைத்து, நாலாவது தரமாக, மெல்ல "என்னங்க" என்றாள்.

காத்திருந்தாள். வேறெந்தப் பெயருக்கும் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை. பிறகு பேனாவை எடுத்து 'பதில் இல்லை' என்று எழுதினாள். கண்ணீர் தாளில் விழாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவர் இறந்த சர்டிபிகேட்டை நானே கோர்ட்ல குடுக்கிறேன் சார். இத்தனை வருஷம் பேரை எடுக்காதது நான்தான்னும் சொல்லிடறேன்."

சர்வேயர் கையெழுத்துப் போட்டார். அவள் மறுபடி குனிந்து முப்பத்தொன்பதாவது பெயரைக் கூப்பிட்டாள்.

அது திரும்பி வந்தது.