அக்கா கேட்காத முதல் பாகம்

பத்து வயது வரைக்கும் எங்கள் வீட்டில் நான்தான் அக்கா. ஆறு வயதுத் தம்பி அப்படித்தான் என்னைக் கூப்பிட்டான். எங்களுக்கு மூத்தவள் ஒருத்தி இந்தியாவில், நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில், பெரியம்மா வீட்டில் வளர்கிறாள் என்பது தெரியும். தீபாவளிக்குத் தீபாவளி அவளுக்குப் பாவாடை சட்டை போகும். அளவு தெரியாததால் அம்மா என்னை நிறுத்திவைத்து அளந்து, அதற்கு மேல் நான்கு விரல் கூட்டித் தைப்பாள். அக்கா என்றால் எனக்கு அந்த நான்கு விரல் துணிதான்.

பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் கிடையாது. பெரியப்பா முன்பே போய்விட்டார். அந்த வருடம் பெரியம்மாவும் இறந்துபோனதாகத் தந்தி வந்தது. துறைமுகக் கிட்டங்கியில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த அப்பா, அக்காவை வரவழைக்கும் பேப்பருக்காக மூன்று மாதம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். பிறகு ஒருநாள் காலை எங்கள் எல்லாரையும் தஞ்சோங் பகார் கப்பல்துறைக்கு அழைத்துப்போனார். தெரிந்த குடும்பம் ஒன்றின் பின்னால், தகரப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னைவிட ஒரு தலை உயரமான பெண் இறங்கி வந்தாள்.

அம்மா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். அம்மா ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. அக்கா பெட்டியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். அம்மா விட்டதும் மரியாதையாகக் கேட்டாள்.

"நல்லா இருக்கீங்களா சித்தி?"

அவளுக்கு அம்மா என்றால் பெரியம்மாதான். அம்மாவின் தங்கை சித்தி. அவள் கணக்கில் தப்பே இல்லை. அம்மா ஒரு கணம் அப்பாவைப் பார்த்தாள். பிறகு, "நல்லா இருக்கேம்மா, வா" என்றாள். யாரும் திருத்தவில்லை. கடைசிவரை அக்கா அம்மாவைச் சித்தி என்றுதான் கூப்பிட்டாள். பல வருடம் கழித்து, பிடோக்கில் அக்காவின் வீட்டில் அம்மா கண்ணை மூடிய அன்றுகூட.

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், சலவைக் கடைக்கு மேல்மாடியில் நாங்கள் குடியிருந்தோம். முன்னறையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். மாமா தமிழ்ப் பள்ளி வாத்தியார், ஆன்ட்டி வீட்டில் தையல், இரண்டு பையன்கள். நடு அறை எங்களுடையது. இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான கூடத்துச் சுவரில் கம்பி வானொலிப் பெட்டி தொங்கியது. ஒரே ஒரு திருகு. அதைத் திருப்பினால் சத்தம் கூடும், குறையும், அவ்வளவுதான். எது வருகிறதோ அதைக் கேட்க வேண்டும்.

அதில்தான் அக்கா வருவதற்கு முந்திய வருடம் 'வான்கப்பல்' நாடகம் வந்தது. மனிதன் செய்த நிலா ஆகாயத்தில் சுற்றுகிறது என்று பெரியவர்கள் கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டிருந்த காலம். கேப்டன் முகிலனும் அவருடைய ஆட்களும் செவ்வாய்க்குப் போய் இறங்குவதும், மணற்புயலில் மாட்டுவதும், கடைசியில் தப்பிப் புறப்படுவதும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அரைமணி அரைமணியாக வந்தன. புறப்படும்போது இன்ஜினியர் மாறன் வெளியே புயலில் இருக்கிறார். செத்துவிட்டார் என்று நினைத்துக் கேப்டன் கதவை மூடச் சொல்கிறார். கப்பல் கிளம்பியபோது எங்கள் கூடத்தில் ஆன்ட்டி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். ஒரு வாரம்கூட விடாமல் கேட்டவள் நான். வசனத்தோடு ஒப்பிப்பேன்.

அக்கா வந்த அதே வாரம் இரண்டாம் பாகம் தொடங்கியது. ஐந்தரை மணிக்கு எல்லாரும் பெட்டியின் கீழே கூடினோம். பாயில் அம்மாவை ஒட்டிய இடம் என்னுடையது. அன்று அம்மா அங்கே அக்காவை உட்காரவைத்தாள்.

முன்கதை எதுவும் சொல்லவில்லை. சங்கீதம் ஓய்ந்ததும் இருட்டில் தட்டுகிற சத்தம். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று. கேப்டனின் குரல் வந்தது: "ஒவ்வோர் இரவும் தட்டுகிறது. என் கனவுக்குள் வந்து தட்டுகிறது." எங்களுக்கெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. யார் தட்டுவது என்று எங்களுக்குத் தெரியுமே!

"என்னா தட்டுது?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"ஷ்ஷ்" என்றோம் நாங்கள் நான்கு பிள்ளைகளும்.

நாடகம் முடிந்ததும் ஆன்ட்டி இரக்கத்தோடு சொன்னார். "மொதல்லேர்ந்து கேக்காதவங்களுக்கு இது புரியாதும்மா."

வாத்தியார் மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "அப்ப அது எழுதினவன் தப்பு. ரெண்டாம் பாகம்னா என்ன, புதுசா வர்ற ஆளை வெளியில நிக்கவைக்கிறதா? பூசை பாதியில வர்றவங்களுக்குக் கோயில் கதவைச் சாத்திடறோமா?"

"அதுக்காக ஒவ்வொருத்தர் வரும்போதும் பூசையை மொதல்லேர்ந்தா ஆரம்பிக்கிறாங்க? ஆறு மாசம் கேட்டவங்க நாங்க. எங்களுக்குத் திரும்பத் திரும்ப அதையே சொன்னா போரடிக்காதா?"

"ரெண்டு வார்த்தை சொன்னா போதும். அவ்வளவுதான் கேக்கறேன்."

"ரெண்டு வார்த்தையில சொல்ல முடிஞ்சா ஆறு மாசம் ஏன் போட்டாங்க?"

இரண்டு பேரும் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. அவர்கள் ஜெபமாலைக்கு உள்ளே போகும்வரை அந்த வாதம் ஓயவில்லை. அக்கா யார் பேசினாலும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீதான் எல்லாத்தையும் ஒப்பிப்பியே. அக்காவுக்கு மொதல் பாகத்தைச் சொல்லிக் குடு."

வீட்டின் பின்புறம் இரும்புப் படிக்கட்டு ஒன்று சுருள்சுருளாகச் சந்துக்கு இறங்கும். பள்ளி விட்டு வந்ததும் நானும் அக்காவும் அதில் உட்கார்ந்தோம். முதலிரண்டு நாட்கள் நேர்மையாகவே சொன்னேன். கப்பல் கிளம்பியது, தண்ணீர் தீர்ந்தது, செவ்வாயின் சிவப்பு மண். அக்கா கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். ஆனால் அவள் கேட்ட கேள்விகள்தான் எனக்கு எரிச்சல் மூட்டின.

"இது வந்த அன்னிக்கு நீ எங்க உக்காந்திருந்தே?"

"அம்மா பக்கத்துல."

"சித்தி அழுதாங்களா?"

"ஆன்ட்டிதான் அழுதாங்க. கதையைக் கேளேன்."

"சித்தி அழுவவே மாட்டாங்களா?"

கேப்டனைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. நாடகம் கேட்டுக்கொண்டே நாங்கள் என்ன தின்றோம், அப்பா வேலை விட்டு எத்தனை மணிக்கு வந்தார், தம்பி யார் மடியில் தூங்கினான் என்றே கேட்டாள். இவளுக்குக் கதை கேட்கவே தெரியவில்லை என்று முடிவு கட்டினேன்.

அந்த வாரம்தான் தம்பி என்னைச் 'சின்னக்கா' என்று கூப்பிட்டான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அக்காவின் இடுப்பில் தொங்கிக்கொண்டு, "அக்கா, சின்னக்காவுக்கு வேணாமாம்" என்றான். எதையோ சாப்பிடுகிற விஷயம். எனக்கு அது வேண்டும்தான். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

மறுநாள் படிக்கட்டில், இன்ஜினியர் மாறன் விஷக்காய்ச்சலில் செத்துப்போனதாகவும், அவரைக் கேப்டனே செவ்வாய் மண்ணில் புதைத்ததாகவும் அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப தட்டறது?"

"அது ஒரு மிருகம். கண்ணு கிடையாது. தட்டித்தட்டியே கதவு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கும். திறந்தா எல்லாரையும் தின்னுடும்."

அக்கா காலை இழுத்துப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் பயந்ததைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. அந்த மிருகத்துக்கு நாளுக்கொரு பல் முளைத்தது.

மூன்று ஞாயிறுகள் அப்படியே போயின. இரண்டாம் பாகத்தில் கேப்டன் மறுபடி செவ்வாய்க்குப் போகிறார். தட்டுகிற சத்தம் வந்தபோதெல்லாம் எங்களுக்கு நம்பிக்கை, மாறன் உயிரோடு இருப்பார் என்று. அக்கா மட்டும் புடவையின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வாள். அம்மாவின் புடவை.

நான்காவது ஞாயிறு கப்பல் இறங்கியது. காற்றின் ஊளை. பிறகு வெளியிலிருந்து, கனவில் அல்ல நிஜமாகவே, மூன்று தட்டு. கேப்டன் மெல்ல நடந்து வருகிற காலடிச் சத்தம். ஆன்ட்டி கையில் ஊசியும் நூலும் அப்படியே நின்றன.

"கதவைத் திற" என்றார் கேப்டன்.

"திறக்காதீங்க!" அக்கா எழுந்து நின்று கத்தினாள். "அது தின்னுடும்! திறக்காதீங்க, ஐயோ, திறக்காதீங்க!"

பெட்டியைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். முன்னறைப் பையன்கள்தான் முதலில் சிரித்தார்கள். "என்ன லா இது!" என்று பெரியவன் பாயில் புரண்டான். தம்பியும் சிரித்தான். அப்பாகூடச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். எல்லாரையும்விடச் சத்தமாக நான்தான் சிரித்திருப்பேன்.

அந்தச் சிரிப்புக்குள்ளேயே கதவு திறந்து மாறனின் குரல் வந்தது. களைத்துப்போன குரல். கோபம் இல்லை.

"நான் உயிரோடுதான் இருந்தேன். என்னை ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள்?"

அம்மா எழுந்தாள். யாரையும் பார்க்காமல் பின்கட்டுக்குப் போனாள். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்தேன். அக்கா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என் முகத்தில் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்று தெரிந்தது. அவளும் அம்மா போன வழியே போனாள்.

என்னை மாட்டிவைக்கப் போகிறாள். நாடகத்தை விட்டுவிட்டு நானும் எழுந்துபோய், சமையற்கட்டுக் கதவின் இந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றேன்.

அடுப்பில் ஒன்றும் இல்லை. அம்மா தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அக்கா எதிரே நின்றாள்.

"யாரு உனக்கு அப்படிச் சொன்னது? மிருகம்னு?"

"யாரும் சொல்லலே சித்தி. நான்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன்."

எனக்கு உயிர் வந்தது. அப்போதே திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் அம்மா பேச ஆரம்பித்தாள். என்னிடமோ தம்பியிடமோ பேசுகிற குரல் இல்லை அது.

"நீ இந்த வீட்டுலதான் பொறந்தே. தெரியுமா?"

அக்கா சமையற்கட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

"ரெண்டு வயசுல உன்னைத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போனேன். மூணு மாசம் இருந்துட்டு வரலாம்னு. திரும்பற அன்னிக்குத் துறைமுகத்துல டாக்டர் உன் சட்டையைத் தூக்கிப் பார்த்தாரு. முதுகெல்லாம் அம்மை. ஏத்த முடியாதுன்னுட்டாரு. எனக்கு வயித்துல ஏழு மாசம். அடுத்த கப்பலுக்குள்ள மாசம் ஏறிடும், அப்புறம் என்னையும் ஏத்த மாட்டாங்க. பொறக்கற புள்ள இங்க பொறந்தாத்தான் பேப்பருக்குச் சிரமம் இல்லைன்னு அப்பா எழுதியிருந்தாங்க. அம்மை எறங்கினதும் யாரோடயாவது அனுப்பறேன்னு உன் பெரி... உங்கம்மா சொன்னா. நான் ஏறிட்டேன்."

தொட்டிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதை இறுக்கி மூடினாள்.

"அப்புறம் ஏன் அனுப்பலே?"

"ஒரு வருஷம் கழிச்சு எழுதிக் கேட்டேன். எனக்கு வேற யாரு இருக்கான்னு அவ பதில் போட்டா. அதுக்கப்புறம் கேக்கலே. கேட்டிருக்கணும். இல்ல, கேக்காததுதான் சரியோ, தெரியலே. எத்தனையோ தடவை நெனைச்சிருக்கேன். எனக்குத் தெரியலேம்மா."

"ஒங்க கடுதாசி வந்தா எங்கம்மா அழுவாங்க" என்றாள் அக்கா. "படிக்கிறதுக்கு முன்னாடியே அழுவாங்க. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டாங்க."

அப்போதுதான் அம்மா அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் இல்லாமல். அக்கா கிட்டே போகவும் இல்லை, விலகவும் இல்லை. கொஞ்சம் பொறுத்து, தொட்டி ஓரத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில், இடையில் ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்தாள்.

அதற்கு மேல் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அது போதும். மாறன் எப்படி உயிர் பிழைத்தார் என்பதை இப்போது தவறவிட்டால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். கூடத்துக்கு ஓடினேன். நாடகம் முடிந்து சங்கீதம் வந்துகொண்டிருந்தது. தம்பி படுத்திருந்தான். வாத்தியார் மாமா பின்கட்டுப் பக்கம் பார்த்துவிட்டு என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"என்னம்மா, உள்ளே என்ன?"

"ஒண்ணும் இல்ல மாமா. ஏதோ பழைய கதை பேசிக்கிட்டிருக்காங்க."

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்தேன். அம்மா சொன்னதெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுந்திருந்தது. அடுத்த வாரம் கேட்டிருந்தால் வசனத்தோடு ஒப்பித்திருப்பேன். ஆனால் அம்மா வயிற்றில் இருந்த அந்த ஏழு மாதப் பிள்ளை நான்தான் என்பது, எனக்கு ஒரு பெண் பிறந்து அவளைக் கையில் வாங்கும்வரை, ஒருநாள்கூட உறைக்கவில்லை.