அணையப்போகும் ஊரில் பிடிமண்

நான் வாய் பேசுகிறவள் இல்லை. ரேஷன் கடையில் எடை குறைந்தால்கூடப் பையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அங்கேயும் 'உள்ளேன் ஐயா' என்பது தொண்டைக்கு மேல் வராது. வந்த நாளிலும் எனக்கு வராதவள் என்றுதான் குறி விழும். இப்படிப்பட்டவள் சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் நின்று அலறினேன் என்றால், அதற்குக் காரணம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு.

என் மகளுக்கு ஒரு விளையாட்டுக் கம்பெனியில் தரை வரைகிற வேலை. விம்கோ நகரில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து மலை, பாறை, சேறு என்று வரைந்துகொண்டே இருப்பாள். எங்கெங்கோ இருக்கிற ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் அந்த உலகத்துக்குள் போய், ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பூதத்தோடு சண்டை போடலாம், கடை வைக்கலாம், கல்யாணம்கூடக் கட்டிக்கொள்ளலாம் என்றாள். வருஷக்கணக்காக அதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜனங்களுக்குத் திறந்துவிடும் முன்னால், விளையாடவே தெரியாதவர்களை உள்ளே அனுப்பி எங்கே இடறுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம்.

"நீதாம்மா கரெக்டான ஆளு" என்றாள்.

வேஷம் எடுக்கிற இடத்தில் எனக்கு முதலில் வந்தது ஓர் ஆண். நீல உடம்பு, காட்டுப்பன்றிப் பல், கையில் கோடாரி, மேலே சட்டை இல்லை. மாற்றித் தரச் சொல்லிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. அப்படியே போய்விட்டேன்.

உள்ளே பாலத்தைத் தாண்டினால் ஒரு முச்சந்தி. அங்கே லாரி அளவில் ஒரு சிலந்தி உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களை எல்லாம் கொன்றது. செத்தவர்கள் எழுந்து வந்து மறுபடி செத்தார்கள். நானும் செத்தேன். இவ்வளவு சாவு விழுகிற முச்சந்தியில் ஓர் அம்மன்கூட இல்லையே என்று எனக்கு மனசே ஆறவில்லை. மரத்தடியில் ஒரு பாறை இருந்தது. அந்த ஊர்ச் சாயக்கடையில் சிவப்பு வாங்கிப் பொட்டு வைத்தேன். மஞ்சள் பூவைப் பறித்துப் போட்டேன். கோடாரியைக் கீழே வைத்துவிட்டு மண்டி போட்டேன்.

எதிர்வீட்டு மீன்காரம்மா அப்போது குழம்பு கொடுக்க வந்திருந்தாள். எனக்கிருக்கிற ஒரே சிநேகிதி அவள்தான்.

"இன்னாடி இது, பல்லு நீட்டிகினு ஒருத்தன் சாமி கும்புடுறான்?"

"அது நான்தான்" என்றேன்.

திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பரவால்ல, ஒடம்பு தேறிக்கீது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரமே வேறு ஆட்களும் பாறைக்கு வர ஆரம்பித்தார்கள். எலுமிச்சம்பழம் அந்த ஊரில் கிடையாது, அதனால் டிராகன் முட்டை வைத்தார்கள். மரத்தில் கத்தி கட்டினார்கள். சிலந்தியிடம் சாகப் போகிறவர்கள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் செத்தார்கள். கும்பிட்டும் வரம் வரவில்லை என்று கம்பெனிக்குப் புகார் போனது. வரம் கொடுக்கலாமா வேண்டாமா என்று மேனேஜர் மீட்டிங் போட்டாராம். என் மகள் வாயே திறக்கவில்லை. அந்த விஷயத்தில் அவள் என்னைக் கொண்டவள்.

அப்புறம் ஒரு காலையில் வெளிநாட்டிலிருந்து பெரிய முதலாளி கம்ப்யூட்டரில் வந்தார். எல்லோருக்கும் நன்றி சொன்னார். விளையாட்டு வெளிவரப் போவதில்லை, வெள்ளிக்கிழமை சாயந்தரம் அணைத்துவிடுவோம் என்றார். இவளோடு சேர்ந்த அத்தனை பேருக்கும் வேலை போயிற்று. மகள் அழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள்.

"யாரும் குடி போவாத வூட்ட இடிக்கிறானுங்களா?" என்றாள் மீன்காரம்மா. "கவர்மெண்டுகூட ஆளு குடிவந்த பெறகுதாண்டி இடிக்கும்."

எனக்கு வேறு கவலை. கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் தெருவைக் கடல் தின்றது. சட்டி பானை எடுக்கும் முன்பே கோயில் மண்ணை ஒரு பிடி மஞ்சள் துணியில் முடிந்தார்கள். அம்மனை வைத்த வீட்டு ஆள் அந்த மண்ணைக் கையில் ஏந்தி, தெருவே கேட்கிற மாதிரி அவளைக் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் அவள் வரமாட்டாள், அங்கேயே நின்றுவிடுவாள். அன்றைக்குக் கடலுக்குள் நின்றிருப்பாள். இப்போது இருட்டில் நிற்பாள். இவளை வைத்தது நான்.

மகளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அங்கேருந்து ஒரு பிடி மண்ணு எடுக்க முடியுமாம்மா?"

"எடுக்கலாம், பையிலயும் போட்டுக்கலாம். ஆனா பையும்தானே அணையும்?" பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "அது சாத்தாங்காட்டு மண்ணுதாம்மா. சிலந்தி இருக்கிற எடத்துக்கு ரத்தம் காஞ்ச மாதிரி தரை வேணும்னாங்க. இரும்பு மார்க்கெட்ல துரு படிஞ்ச மண்ண போட்டோ புடிச்சாந்து போட்டேன்."

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் ஷேர் ஆட்டோவில் போனோம். மகள் மடியில் லேப்டாப், என் மடியில் மஞ்சள் துணி, மீன்காரம்மா மடியில் தேங்காய். மகள் ஒரு கடை ஓரத்தைக் காட்டி, "இந்த எடம்தான்" என்றாள். இரும்புத் தகட்டு அடுக்கின் மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். பாறைக்கு முன்னால் என் நீல ஆள் நின்றான். அவனைச் சுற்றிப் பெரிய கூட்டம். கடைசி நாளாயிற்றே, கையில் இருந்ததை எல்லாம் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

'அண்ணே, இனிமே எங்க போறீங்க?' என்று ஒருத்தர் எழுதினார். அங்கே எல்லோருக்கும் நான் அண்ணன்தான்.

ஒற்றை விரலால் தேடித் தேடி, 'அம்மன கூட்டிட்டுப் போறேன்' என்று எழுதினேன்.

'எங்களையும் கூட்டிட்டுப் போங்கண்ணே' என்று வந்தது.

நான் குனிந்து மண்ணைத் தோண்டினேன்.

கடைக்காரர் வந்துவிட்டார். தெக்கத்திக்காரர், நெற்றியில் விபூதி. "ஏம்மா, என்ன பண்ணுதிய? இரும்பு வேணும்னா உள்ள வாங்க, மண்ணை ஏன் அள்ளுதிய?"

மீன்காரம்மா முந்திக்கொண்டாள்.

"அம்மன் வூடு மாறுது நைனா. செத்த கம்னு இரு."

"இங்க ஏதும்மா அம்மன்?"

"அதோ, அந்தப் பொட்டிக்குள்ள கீறா."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். நீல ஆள், முட்டைக் குவியல், மரம் நிறைய கத்தி. அவர் என்ன நினைத்தாரோ, செருப்பைக் கழற்றினார்.

"அம்மா, டைம் ஆயிடுச்சு, கூப்புடு" என்றாள் மகள்.

பக்கத்தில் கிரேன் கம்பிக் கட்டு இறக்கிக்கொண்டிருந்தது. காது அடைக்கிற சத்தம். அந்தச் சத்தத்தில் என் குரல் யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியத்தில், உயிரைக் கொடுத்துக் கத்தினேன். "தாயே! எங்களோட வா!"

வாய் திறந்த அந்த நொடியில் கிரேன் நின்றுவிட்டது.

மார்க்கெட் முழுக்க என் குரல் போனது. லோடு இறக்குகிறவர்கள், லாரிக்காரர்கள், டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கும்பிட்டார்கள். மீன்காரம்மா தேங்காயை ஓர் இரும்புத் தூணிலேயே அடித்து உடைத்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது திரை கறுத்திருந்தது.

"வந்துட்டாளாடி?" என்று மீன்காரம்மா கேட்டாள்.

துணி முடிச்சு கனத்தது. துருமண் கனமாகத்தான் இருக்கும். "வந்துட்டா" என்றேன்.

எங்கள் வீட்டுக் குழாயடி வேம்பின் கீழ் மண்ணை வைத்தேன். மகள் அதற்கப்புறமும் லேப்டாப்பைத் தொடவில்லை. பகலெல்லாம் படுத்தே கிடந்தாள்.

ஆடி பிறந்ததும் இரும்பு மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வந்த மீன்காரம்மா ஒரு சேதி கொண்டுவந்தாள். நான் மண் எடுத்த இடத்தில் மார்க்கெட்காரர்கள் கல் நட்டு, கூழ் ஊற்றப் போகிறார்களாம். "நான் சொல்லிட்டேன்டி, அம்மன் அங்க இல்ல, காலி பண்ணிகினு போய்ட்டான்னு. கேட்டாத்தானே? மார்க்கெட்டுக்கே கேக்குற மாரி கூப்ட்டாங்க, இல்லாமயா கூப்ட்டாங்கன்றானுங்க."

போனோம். மகளையும் இழுத்துக்கொண்டு போனேன். எனக்கு முதல் சொம்புக் கூழ் கொடுத்தார்கள். பெயிண்ட் டப்பாவோடு ஒருவர் வந்தார்.

"ஆயா, அம்மன் பேரு இன்னா? போர்டு எழுதணும்."

நான் அவளுக்குப் பேரே வைக்கவில்லை. மகளைப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாறைக்கும் ஒரு பேர் வைத்திருப்பாள்.

"பாறை ஏழு" என்றாள் மெதுவாக.

"ஏழாம்பாறை அம்மன்! சூப்பரா கீதே!" என்று எழுதவே ஆரம்பித்துவிட்டார்.

தெக்கத்திக் கடைக்காரர், எங்கள் பக்கமும் இந்த அம்மன் உண்டு, பெரிய உக்கிரக்காரி என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு போய் அதன் முன் குந்தினாள்.

"இப்பிடி இல்லண்ணா. அங்க பாறை மரத்துக்கு முதுகு காட்டி இருக்கும். அந்தப் பக்கம் ஒருத்தர் புடிங்க."

நான்கு பேர் கடப்பாரையோடு வந்தார்கள். இன்னும் கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம் என்று அவள் சொல்லச் சொல்ல, அவர்கள் கல்லைத் திருப்பினார்கள்.